ஆறாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்

வண்டியை விற்றுவிடலாம் என்று முதலில் சொன்னவர் மீட்டர்தான். மின்சார அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் மீட்டர் சோதனைப் பிரிவில் இருந்ததால் தெருவில் அவருக்கு அந்தப் பெயர். வீடு வீடாகப் போய், முத்திரையை உடைத்து மீட்டரை ஓடாமல் தூங்க வைத்திருப்பவர்களைப் பிடிப்பது அவர் வேலை. ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியும், யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் கண் முதலில் மீட்டர் பெட்டியைத்தான் தேடும்.

அவர் மனைவி ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டிருந்தவள். போன மாதம் அவளும் ஓய்வு பெற்றாள். வீட்டை ஒட்டியிருந்த ஷெட்டில் சின்னதாக ஒரு லேப் வைக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். அந்த ஷெட்டை அடைத்துக்கொண்டு ஒன்பது வருடமாக நின்றிருந்தது வண்டி. முன்னால் பெரிய காற்றுத் தடுப்புக் கண்ணாடி, இரண்டு பக்கமும் பூட்டுப் போட்ட தகரப் பெட்டிகள் என்று நெடும்பயணத்துக்காகவே செய்த கனத்த மோட்டார் சைக்கிள்.

"எனக்கு முட்டி போச்சு. இனிமே அதை நிமிர்த்தக்கூட முடியாது. வித்துட்டு உன் லேபை வை" என்றார் மீட்டர்.

அவளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. பதினொரு வருடம், வருடம் தவறாமல் பதினெட்டு நாள் லீவு போட்டுவிட்டு அவர் அதில் தனியாகக் கிளம்பிப் போவார். பனி மூடிய கணவாய், மணல் பறக்கும் சமவெளி, கடலை ஒட்டியே நாள் முழுக்க ஓடும் சாலை என்று திரும்பி வந்து கதை கதையாகச் சொல்வார். கிளம்பும் நாளில் அலுவலகத்து ஆட்கள் வந்து கையசைப்பார்கள். பதினெட்டாம் நாள் முகம் கறுத்து, தாடி வளர்ந்து, பசியோடு வந்து நிற்பார்.

எனவே விளம்பரத்தை அவளே எழுதினாள். 'மலை, பாலைவனம், கடற்கரை எல்லாம் பார்த்த வண்டி. ஒன்பது வருடமாக ஓடவில்லை. சீர் செய்து ஓட்டும் ஆர்வம் உள்ளவர்கள் மட்டும் அழைக்கவும்.' போனிலேயே நான்கு படம் எடுத்துப் போட்டாள்.

முதலில் கூப்பிட்டவர் வண்டி எத்தனை கிலோ இருக்கும் என்று கேட்டார். பழைய இரும்புக் கடைக்காரர். அடுத்தவர், கல்யாண போட்டோ எடுக்க ஒரு நாள் வாடகைக்குக் கிடைக்குமா என்றார். மூன்றாவதாக வந்தவர்தான் பல் டாக்டர்.

நாற்பது வயதுப் பெண். க்ளினிக் இல்லாத நேரத்தில் பழைய வண்டிகளைப் பிரித்துச் சரி செய்வது அவருக்குப் பொழுதுபோக்கு. புதன்கிழமை மதியம் வந்தார். மீட்டர் அப்போது முடி வெட்டப் போயிருந்தார். டாக்டர் பையிலிருந்து ஒரு டார்ச்சையும், நீளக் காம்பு வைத்த சின்ன வட்டக் கண்ணாடியையும் எடுத்தார்.

"இது பல்லு பாக்கறது இல்ல?" என்றாள் அவள்.

"பழசு மேடம். வாயில வைக்கறது வேற வச்சிருக்கேன், பயப்படாதீங்க."

அந்தக் கண்ணாடியைப் பெட்ரோல் டேங்குக்குள் விட்டு உள்ளே பார்த்தார். துரு. சீட்டுக்கு அடியில் பார்த்தார். எலி பஞ்சைத் தின்றுவிட்டு ஒயர்களையும் கடித்து வைத்திருந்தது. சைலன்சர் கை வைத்த இடத்தில் பொடியாக உதிர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நின்றாள். ஆனால் டாக்டர் முகம் சுளிக்கவில்லை. தரையில் துணியை விரித்துப் படுத்துப் பின்சக்கரத்தைத் தடவிப் பார்த்தார். எழுந்து முன்பக்கம் போனார். மறுபடி வந்து படுத்தார்.

"மேடம், ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"விளம்பரத்துல எழுதினதும் இந்த வண்டியும் ஒத்துப்போகல."

"ரிப்பேர் இவ்வளவு இருக்குன்னு எழுதியிருக்கணும். எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா."

"ரிப்பேர் பரவாயில்ல. அதெல்லாம் நின்னு கெட்டது. ஓடிக் கெட்டதுன்னு எதுவுமே இல்லையே." டாக்டர் டார்ச்சை அடித்துக் காட்டினார். "செயின் ஓடற இந்தப் பல்சக்கரத்தைப் பாருங்க. நிறைய ஓடின வண்டியில பல்லு ஒரு பக்கமா தேஞ்சு கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கும். இது அப்படியே பால் பல்லு மாதிரி நிக்குது. பிரேக்கும் கம்பெனியில போட்டதுதான். மீட்டரும் அதையேதான் சொல்லுது."

அவள் வண்டி மீட்டரின் மேல் கண்ணாடியை முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். ஆறாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு.

"ஒரு லட்சம் ஓடி, திரும்ப பூஜ்யத்துல இருந்து வந்திருக்கும்" என்றாள்.

"அப்ப பல்லு இப்படி இருக்காது மேடம். ஒண்ணு, யாரோ மீட்டர், பல்சக்கரம், பிரேக் எல்லாத்தையும் மாத்தியிருக்கணும். இல்லைன்னா வண்டி அவ்வளவு தூரம் போகவே இல்ல. எதுவா இருந்தாலும் நான் எடுத்துக்கறேன். ஆனா எந்த வண்டி எடுத்தாலும் அது என்னென்ன பண்ணுச்சுன்னு ஒரு ஃபைல்ல எழுதி வைப்பேன். அதுக்காகத்தான் கேக்கறேன். சார்கிட்ட விசாரிச்சு வைங்க. ஞாயித்துக்கிழமை வேனோட வரேன்."

டாக்டர் போன பிறகு அவள் ஷெட்டிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரே ரத்தத்துக்கு இரண்டு விதமான முடிவு வந்தால் லேபில் என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். மறுபடி ரத்தம் எடுப்பார்கள். இங்கே எதை மறுபடி எடுப்பது? கணவாய்க்குப் போய்வர மட்டும் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஆகும் என்று அவரே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். கணவாய்க்கு நான்கு முறை போயிருக்கிறார். அப்படியானால் வண்டியின் மீட்டர் பொய். மீட்டர் பொய் என்றால் பல்சக்கரமும் பொய். பல்சக்கரம் எப்படிப் பொய் சொல்லும்?

மீட்டர் புதிதாக முடி வெட்டிய தலையோடு வந்து சேர்ந்தார்.

"வந்துட்டுப் போயிட்டாங்களா? என்ன சொன்னாங்க?"

அவளுக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கையில் கிடைத்த முனையைப் பிடித்தாள்.

"யாரோ மீட்டரைத் திருப்பி வச்சிருக்காங்கன்னு சொல்றாங்க."

தப்பித்துக்கொள்ள அதைவிட நல்ல வழி வேறு இல்லை. மூன்றாவது வருடம் மீட்டர் கேபிள் அறுந்துபோனது, வேறு மீட்டர் போட்டேன் என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது என்று பின்னால் அவரே சொன்னார். ஆனால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"என் வண்டி மீட்டரையா? முப்பத்து நாலு வருஷம் மீட்டர்ல கை வச்சவனை எல்லாம் பிடிச்சுக் கொடுத்தவன் நான். என் மீட்டர்ல நானே கை வைப்பேனா? அது என்ன காட்டுதோ அதுதான் சரி. ஒரு கிலோமீட்டர் கூடவும் இல்ல, குறைவும் இல்ல."

சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டார். சமையலறையில் குக்கர் ஒரு விசில் அடித்தது.

"அப்ப கணவாய்?" என்றாள் அவள்.

அவர் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். முடி வெட்டின கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கேட்டுக் கேட்டு அவள் வாங்கியது இதுதான்.

முதல் வருடம் உண்மையாகவே கணவாய்க்குத்தான் கிளம்பினார். இரண்டாம் நாள் ஒரு வளைவில் எதிரே வந்த லாரி உரசாத குறையாகப் போனது. விழவில்லை, கீறல்கூட இல்லை. ஆனால் அதற்கு மேல் முன்னால் போக மனசு வரவில்லை. ஓரமாக இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வண்டியைத் திருப்பினார். வீட்டுக்கு மூன்று மணி நேரத் தூரத்தில், நெடுஞ்சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு லாட்ஜ். அங்கே தங்கி, காலையில் திரும்பி வந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்ல போன் போட்டார். எடுத்தது மகள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

"'மலைக்குப் போய்ட்டியாப்பா?'ன்னு கேட்டா. போய்ட்டேன்னு வாயில வந்துடுச்சு" என்றார் மீட்டர். "'பனி இருக்கா?'ன்னா. இருக்குன்னேன். அப்புறம் எப்படி உடனே வர்றது? மிச்ச நாள் பூரா அங்கேயே இருந்தேன்."

"சரி, அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷம் நான் கேக்காமலே மேலதிகாரி லீவு கொடுத்துட்டாரு. 'இந்தத் தடவை எங்கய்யா?'ன்னு எல்லாரும் கேக்கறாங்க. போகத்தான் கிளம்பினேன். அந்த லாட்ஜ் வர்ற வரைக்கும் வண்டி நல்லாத்தான் போகும். அதைத் தாண்ட கை வராது."

"பதினொரு வருஷமும்?"

"பதினொரு வருஷமும்."

"போட்டோ?"

"அந்த வழியா வண்டியில போறவங்க எல்லாம் அங்கதான் தங்குவாங்க. அவங்க போட்டோ அனுப்புவாங்க. கதையும் அவங்க சொன்னதுதான். எதுலயும் நான் இருக்க மாட்டேன், கவனிச்சதில்லையா? தனியா போறவனை யாரு படம் எடுப்பான்னு நீயே ஒரு தடவை சொன்ன."

சொல்லியிருக்கிறாள். அவருக்காக அந்தச் சமாதானத்தை உருவாக்கிக் கொடுத்ததே அவள்தான்.

"யாரு அவ?" என்று திடீரென்று கேட்டாள்.

"எவ?"

"அந்த லாட்ஜ்ல யாரு இருந்தா?"

"மேனேஜர் இருந்தாரு. அப்பவே அவருக்கு அறுபது வயசு."

அவள் எழுந்து உள்ளே போனாள். கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடிக்க உட்கார்ந்தாள். ஒரே சட்டையை மூன்று தடவை மடித்திருப்பது தெரிந்ததும் அதைப் போட்டுவிட்டாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வந்தது. ஆனால் அது எதன் மேல் என்றுதான் பிடிபடவில்லை. பொய் சொன்னதற்கா? பொய்யால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே. பதினெட்டு நாள் தன்னைத் தனியாக விட்டுவிட்டுப் போனதற்கா? அது தெரிந்துதானே சந்தோஷமாக அனுப்பி வைத்தாள். துணியை வைத்துவிட்டு மறுபடி கூடத்துக்கு வந்தாள்.

"நான் பயந்தேனே" என்றாள். "பதினொரு வருஷம். நியூஸ்ல மலைச்சரிவுன்னு சொன்னா ராத்திரி பூரா டிவி முன்னாடியே உக்காந்திருப்பேன். லேப்ல ட்யூபை மாத்தி வச்சு ரெண்டு தடவை திட்டு வாங்கியிருக்கேன். அந்தப் பயமெல்லாம் என்ன ஆச்சு? நீங்க லாட்ஜ்ல உக்காந்து காப்பி குடிச்சிட்டு இருந்தீங்க. நான் எதுக்குப் பயந்தேன்?"

கேட்ட பிறகுதான் அவளுக்கு இன்னொன்று தோன்றியது. அந்தப் பதினெட்டு நாட்களிலும் இவர் பத்திரமாகத்தான் இருந்திருக்கிறார். அந்த நிம்மதி பதினொரு வருடத்துக்கும் சேர்த்து மொத்தமாக இப்போது வந்து இறங்கியது. கோபத்தையும் நிம்மதியையும் ஒன்றாக வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் குக்கரை இறக்கப் போனாள். அடி பிடித்திருந்தது.

மறுநாள் காலை மகளுக்குப் போன் செய்தாள். மகள் சாலை போடும் கம்பெனியில் நில அளவை செய்பவள். அப்பாவின் கதைகளைக் கேட்டு வளர்ந்ததால்தான் அந்தப் படிப்பை எடுத்தாள் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அவள் தலையில் இதை எப்படிப் போடுவது என்று தெரியாமல் அம்மா சுற்றி வளைத்து ஆரம்பித்தாள்.

"அப்பா அந்தப் பாலம் கதை சொல்வாரே, ஞாபகம் இருக்கா? ஆத்துல தண்ணி சக்கரம் மூழ்கற அளவுக்கு வந்துச்சுன்னு."

"அந்த ஊர்ல ஆறே இல்லம்மா" என்றாள் மகள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அங்க ஆறு மாசம் அளவெடுத்திருக்கேன். பாலமும் இல்ல. ரெண்டு ஊரைக் கலந்துட்டாரு. நேர்ல பாத்தவங்க அப்படிக் கலக்க மாட்டாங்க."

"எப்ப?"

"நாலு வருஷம் ஆச்சு."

"ஏண்டி என்கிட்ட சொல்லல?"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேம்மா. தெரிஞ்சும் நீ விட்டுக்கொடுக்கறேன்னு நெனச்சேன். அப்பாவைக் கேட்டா சங்கடப்படுவாரு. எனக்கு என்ன, நான் கேட்ட கதை நல்லாத்தான் இருந்துச்சு. இடம்தான் தப்பு."

போனை வைத்தபோது அவளுக்கு முன்பைவிட அதிகமாகக் குழம்பியிருந்தது. தெரிந்தும் விட்டுக்கொடுக்கிற பெருந்தன்மையான அம்மா என்று மகள் நான்கு வருடமாக நினைத்திருக்கிறாள். அப்படி ஒருத்தி இந்த வீட்டில் இருந்ததே இல்லை. மகளிடம் அதைச் சொல்லவும் மனசு வரவில்லை. இப்போது தன்னிடமும் ஒரு பொய் சேர்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை முழுக்க அவரோடு உப்பு, தண்ணீர் என்பதற்கு மேல் பேசவில்லை. சனிக்கிழமை விடிந்ததும் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"கிளம்புங்க. அந்த லாட்ஜைக் காட்டுங்க."

பஸ்ஸில் போனார்கள். அவர் ஜன்னலோரம், அவள் இந்தப் பக்கம். வழியில் ஒவ்வொரு ஊரையும் அவர் பெயர் சொல்லிக் காட்டினார். மூன்று மணி நேரத்துக்கு அந்தச் சாலையில் அவருக்குத் தெரியாத மரம் இல்லை.

லாட்ஜ் இரண்டு மாடி. பக்கத்தில் பெட்ரோல் பங்க், எதிரே டயர் பஞ்சர் கடை. சுவர் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது. கல்லாவில் இருந்த கிழவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"அட, எஞ்சினியர் சார். எங்க சார், ஆளையே காணோம்?"

"முட்டி ஆபரேஷன்" என்றார் மீட்டர்.

"இவங்க?"

"வீட்டுல."

கிழவர் எழுந்து நின்று கும்பிட்டார். மின்விசிறி போட்டார், நாற்காலியைத் துடைத்தார். அவள் எதிர்பார்த்து வந்தது எதுவும் அங்கே இல்லை. எதை எதிர்பார்த்து வந்தாள் என்பதும் இப்போது நினைவில்லை.

"சார் இங்க வந்தா என்னதான் பண்ணுவாரு?" என்று கேட்டாள்.

"என்ன பண்ண மாட்டாரும்மா? இந்த லாட்ஜ் ஒயரிங் பூரா அவரு கை. சாயங்காலம் ஆனா வாசல்ல உக்காந்துடுவாரு. வண்டியில வர்ற பிள்ளைங்களுக்கு எல்லாம் வழி சொல்வாரு. எந்த வளைவுல மெதுவா போகணும், எங்க பெட்ரோல் கிடைக்காதுன்னு அத்தனையும் படம் போட்டுக் கொடுப்பாரு. பாதியில பயந்து திரும்பி வர்றதுங்க உண்டு இல்லையா, அதுங்களை உக்கார வச்சு ஒரு மணி நேரம் பேசுவாரு. காலையில பாத்தா அந்தப் பிள்ளை மலைப் பக்கம் போயிருக்கும். ஒண்ணு ரெண்டு இல்ல, எத்தனையோ பேரு."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் சுவரில் இருந்த மீட்டர் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் பாதி தூரம் வந்த பிறகு கேட்டாள். "அந்தப் பிள்ளைங்ககிட்ட பேசினதை உங்ககிட்டயே ஒரு தடவை பேசியிருக்கலாமே?"

"பேசிப் பாத்தேன்" என்றார் அவர். "நான் சொன்னா நான் கேக்க மாட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வேண்டிய நேரமா என்று தெரியாததால் இருமுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு டாக்டர் வேனோடு வந்தார். மீட்டர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தயாராக இருந்தார். டாக்டர் கேட்பதற்கு முன்பே, நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அலுவலகத்தில் அறிக்கை படிப்பதுபோல வருடம், தேதி, தூரம் எல்லாம் வரிசையாக வந்தது. டாக்டர் ஃபைலைத் திறந்து எழுதிக்கொண்டே போனார். கடைசியில் பேனாவை மூடினார்.

"எனக்கு நல்லதுதான் சார். உள்ள எல்லாம் புதுசு. வெளிய இருக்கறதைச் சரி பண்ணினா போதும். க்ளினிக்ல தினமும் இதுக்கு நேர் எதிராத்தான் வரும்."

"ஓட்டுவீங்களா, இல்ல துடைச்சு வச்சுப் பாப்பீங்களா?" என்றார் மீட்டர்.

"ஓட்டத்தான். கணவாய்க்கே போலாம்னு இருக்கேன்."

மீட்டர் உடனே பதினேழாவது வளைவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அங்கே சாலை உள்பக்கமாகச் சரியும், இரண்டாவது கியரில்தான் இறங்க வேண்டும். டாக்டர் மறுபடி பேனாவைத் திறந்து அதையும் குறித்துக்கொண்டார். அந்த வளைவைப் பார்க்காத ஒருவர் சொல்லி இன்னொருவர் எழுதுவதை அவள் ஓரமாக நின்று பார்த்தாள். இது சரியா தப்பா என்று அவளால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. மகளிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

வண்டியைப் பலகை போட்டு வேனில் ஏற்ற நான்கு பேர் தேவைப்பட்டார்கள். தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டில் இருக்கும் ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர் வேனின் பின்பக்கத்தைத் தட்டிக் கொடுத்தார். ஒவ்வொரு வருடமும் மீட்டர் கிளம்பும்போது தெருமுனை வரை வந்து வழியனுப்பியவர் அவர்.

"எத்தனை மலை ஏறின வண்டி. இனிமே இப்படி ஒரு ஆளை நம்ம தெரு பாக்குமா?" என்றார் டிரில் மாஸ்டர்.

மீட்டர் வாயைத் திறந்தார். ஐந்து நாளில் இரண்டு தடவை உண்மையைச் சொல்லிப் பழகியிருந்ததால் மூன்றாவது தடவை சொல்ல அவருக்குக் கஷ்டம் இருக்கவில்லை. சொல்லத்தான் போகிறார் என்று அவளுக்கும் தெரிந்தது.

"ஏறின மலை கொஞ்சமா மாஸ்டர்?" என்று அவள் குரல் முந்திக்கொண்டு வந்தது. "அந்தக் கணவாய் மட்டுமே நாலு தடவை."

டாக்டர் வேனின் முன்சீட்டில் இருந்து திரும்பிப் பார்த்தார். பிறகு சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். வேன் கிளம்பித் திரும்பியது. கூட்டம் கலைந்தது. டிரில் மாஸ்டர் இன்னும் கணவாயைப் பற்றித்தான் யாரிடமோ சொல்லிக்கொண்டு போனார்.

மீட்டர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன் அப்படிச் சொன்ன?"

அவள் யோசித்துப் பார்த்தாள். உண்மையாகவே யோசித்தாள். அவருக்காகவா, தன் பயத்துக்காகவா, மகள் நினைத்து வைத்திருக்கும் அந்த அம்மாவுக்காகவா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எதுவும் சரியாகப் பொருந்தவில்லை.

"தெரியல" என்றாள். "கேட்டுக்கிட்டே இருங்க. தெரிஞ்சா சொல்றேன்."